தூக்கத்துக்கு மார்க் போட்ட கடிகாரம்

போன வாரம் எனக்குச் சர்க்கரை அளவு பிரமாதமாக வந்தது. டாக்டரே ஆச்சரியப்பட்டார். இப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்கள் என்றார். நான் அடக்கமாகத் தலையாட்டினேன்.

எங்கள் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோவில் ஏறியதும் ஆரம்பித்தார்.

“நாலு நாளா பாவக்காயும் கொள்ளும் தின்னுபோட்டு, டாக்டர் முன்னாடி நல்ல புள்ளையாட்ட உக்காந்திருக்கறே. இன்னைக்குப் பொழுதுக்குள்ள அந்த மைசூர்பாகு டப்பா காலி. பாக்கத்தான போறேன்...”

“ஏனுங்க, ஆட்டோக்காரரு கேக்கறாரு. சித்தெ சும்மா வாங்க.”

சிரிக்காதீர்கள். நீங்களும் செய்திருப்பீர்கள். ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய வாரம் இந்த நாட்டில் எத்தனை பேர் சோற்றைக் குறைக்கிறார்கள், எத்தனை பேர் திடீரென்று வாக்கிங் போகிறார்கள்! எதற்கு? உடம்பு நம்முடையது, சர்க்கரை நம்முடையது, ஏமாறுவதும் நாமேதான். ஆனாலும் ரிப்போர்ட் என்ற வார்த்தையைக் கேட்டால் போதும் – நமக்குப் பள்ளிக்கூடத்து ப்ராக்ரஸ் கார்டுதான் ஞாபகம் வருகிறது. டாக்டரிடம் நல்ல பேர் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இதை ஸ்டெல்லாவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று மாடிப்படி ஏறினேன். எலப்புள்ளியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண் அவள். கோயம்புத்தூருக்குத் தினமும் பஸ்ஸில் போய், மனோதத்துவத்தில் பிஎச்டி செய்கிறாள். மனிதர்களின் தூக்கமும், அவர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் விதமும்தான் அவளுடைய ஆராய்ச்சி. என் பாகற்காய் நாடகம் அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

அவள் கட்டிலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பாக்கியம் சித்தி விழுந்துட்டாங்களாம் ஆன்ட்டி. வலது கை, வலது கால் வரலையாம். கீழ தேனிக்குக் கொண்டு போறாங்களாம்.”

நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரையாவது, மைசூர்பாகாவது...

பாக்கியம் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே தொழிலாளர்கள் குடியிருக்கும் நீளமான வரிசை வீடுகளை லயம் என்பார்கள். ஒரே தகரக் கூரை, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். அப்படி ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஸ்டெல்லாவின் வீடு, அந்தப் பக்கம் பாக்கியத்தின் வீடு. ஸ்டெல்லாவின் அம்மாவும் பாக்கியமும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றாக மாதா கோயிலுக்குப் போய்ப் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டவர்கள்.

ஸ்டெல்லா பிளஸ் டூ படிக்கும்போது அவள் அம்மா தேயிலைக் காட்டிலேயே மயங்கி விழுந்தார். பிரஷர். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அப்பா அதற்கும் முன்பே இல்லை. பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது.

அன்றிலிருந்து பாக்கியம்தான் எல்லாம். அவருக்குப் பிள்ளை கிடையாது, கணவரும் இறந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்குச் சோறு பொங்கிப் போட்டதோடு நிற்கவில்லை. அந்த லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய பரீட்சை என்றாலும் அது முடியும்வரை ஒரு வீட்டிலும் டிவி ஓடாது. சண்டை போட வேண்டியவர்கள் வெளியே ரோட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். மிளகாய் இடிப்பதுகூடக் கிடையாது. சுவர் அப்படி! ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டுக்குக் கேட்கும். ஆகவே ஒரு பிள்ளைக்குப் பரீட்சை என்றால் லயத்துக்கே பரீட்சை. ஸ்டெல்லாவுக்காகப் பாக்கியம் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாராம்.

அந்தப் பெண் பாஸானாள், காலேஜுக்குப் போனாள். இதோ, டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அந்த லயத்திலிருந்து இதுவரை யாரும் போகாத தூரம்.

ஆராய்ச்சிக்குத் தூக்கத்தை ஏன் எடுத்தாள்? ஒருநாள் எங்கள் சாப்பாட்டு மேஜையில் இதைக் கேட்டேன்.

“எங்கம்மாவுக்கு மாத்திரை இருந்துச்சு ஆன்ட்டி. போட்டா நல்லதுன்னும் தெரியும். போடல. ஏன் போடலன்னு யாருமே கேக்கல. டாக்டர் திட்டினாரு, அவ்வளவுதான். தெரியிறதுக்கும் செய்யிறதுக்கும் நடுவுல என்னமோ ஒண்ணு நிக்கிது... அது என்னன்னு பாக்கணும்.”

தூக்கம் கெட்டால் பிரஷர் ஏறும், மனசு சோர்ந்துபோகும், சோர்ந்த மனசு எந்த நல்ல காரியத்தையும் நாளைக்குத் தள்ளும் என்றெல்லாம் விளக்கினாள். அவளுடைய எஸ்டேட் பெண்கள் காலையில் வேலைக்கு நிற்கும்போதே கண் சிவந்து நிற்பார்களாம். மத்தியானம் கொழுந்துப் பையோடு செடிக்கு நடுவில் சாய்ந்துவிடுவார்களாம். இதற்கு ஒரு ஆதாரம் வேண்டும். ஆதாரம் இருந்தால் ஆஸ்பத்திரியில் பேசலாம், பஞ்சாயத்தில் பேசலாம். வெறுமனே ‘எங்க ஊர் பொம்பளைங்க தூங்கறதில்ல’ என்றால் யார் காதில் போட்டுக்கொள்வார்கள்?

அதற்காகத்தான் அந்தக் கடிகாரங்கள் வந்தன. பார்த்தால் கைக்கடிகாரம், மணி மட்டும் காட்டாது. கையில் கட்டிக்கொண்டு படுத்தால் உடம்பின் அசைவை வைத்து எவ்வளவு தூங்கினோம் என்று கணக்கெடுக்கும். புரண்டு படுத்தால் ஒரு குறி, எழுந்து நடந்தால் ஒரு குறி, அசையாமல் கிடந்தால் தூக்கம். லயத்துப் பெண்களைக் கூட்டி உட்காரவைத்து, இதை எளிமையாக விளக்கிச் சொல்லி, ஒவ்வொருவர் கையிலும் கட்டிவிட்டு வந்தாள். சாயங்காலத்துக்கு மேல் டீ குடிக்கக் கூடாது, படுக்கும்போது போன் பார்க்கக் கூடாது என்று தூக்கத்துக்கான யோசனைகளையும் சேர்த்துச் சொன்னாளாம். எல்லோரும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்களாம்.

ஒரு வாரம் கழித்துக் கடிகாரங்கள் திரும்பி வந்தன. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் – அத்தனை பேரும் அற்புதமான தூக்கம்! படுத்தால் விடிகிறவரை புரண்டுகூடப் படுக்காத தூக்கம். பாக்கியம்தான் அதில் முதல் மார்க்.

“ரிட்டயர் ஆனதும் எனக்கு உங்க எஸ்டேட்ல ஒரு வீடு பாரும்மா” என்று அவளுடைய ஆராய்ச்சி கைடு சிரித்தாராம். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கடிகாரத்தில் கோளாறா என்று தன் கையில் கட்டிப் பார்த்தாள். கோளாறு இல்லை.

நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று கிளம்பினாள். நானும் வருகிறேன் என்று தொற்றிக்கொண்டேன். மலைக்காற்று வாங்கலாம், பத்திரிகையில் நான் எழுதுகிற பத்தியில் இரண்டு வாரத்துக்காவது விஷயம் கிடைக்கும் – அவ்வளவுதான் என் நல்லெண்ணம்.

பொள்ளாச்சி, தேனி, போடி என்று சுற்றி மேலே ஏறுவதற்குள் வளைவுகளில் எனக்குக் குடலே வாய்க்கு வந்துவிட்டது. போதாததற்குச் சர்க்கரைக்காரி. லயத்து வாசலில் இறங்கியதும் பாக்கியத்திடம் நான் முதலில் கேட்டது ‘சௌக்கியமா’ என்று அல்ல, ‘பாத்ரூம் எங்கீங்க்கா?’ என்றுதான்.

ஒல்லியான பெண்மணி. காதில் சின்னக் கம்மல், கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு. விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை. அவர் முகத்தில் ஒரு சங்கடம் வந்தது. பிறகு ஒரு வாளியில் தண்ணீரை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். லயத்தின் கடைசி வீட்டையும் தாண்டி, வழுக்குகிற சரிவில் இறங்கி, தேயிலைச் செடி ஓரமாக ஒரு சின்னக் கட்டடம். இரண்டு அறை. ஒன்றில் பாதிச் சுவர் இல்லை. இன்னொன்றில் கதவு இல்லை, சாக்குத்தான் தொங்குகிறது.

“ஆனை சாய்ச்சிப் போட்டுச்சும்மா. தண்ணித் தொட்டிக்கு வந்த ஆனை. நீங்க பயப்படாமப் போங்க, பகல்ல ஒண்ணும் வராது. நான் இங்கனயே நிக்கேன். சத்தங் குடுத்துக்கிட்டே இருங்க.”

நான் சத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வயதில் பாத்ரூமுக்குள்ளிருந்து ‘அக்கா இருக்கீங்களா, அக்கா இருக்கீங்களா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான்.

திரும்பி வரும்போது கேட்டேன். “ஏனுங்க்கா, பொழுது உழுந்தா எப்படிப் போவீங்க?”

“எங்கிட்டுப் போறது? போறதில்ல.”

“போறதில்லைன்னா?”

“பொழுதடைய வந்தா பொம்பளைக யாரும் தண்ணி குடிக்க மாட்டோம். வந்தாலும் அடக்கிக்கிட்டுக் கெடக்க வேண்டியதுதான். மழையில ஆனை வந்து நிக்கிறதே தெரியாதும்மா. அந்த வீட்டு ராணியோட மாமியா போயி மாட்டிக்கிட்டு... அது ஏதோ மாதா புண்ணியத்துல தப்பிச்சிச்சு.”

சாதாரணமாகச் சொன்னார். சந்தைக்கு எந்த பஸ் போகும் என்று சொல்கிற மாதிரி. 

வீட்டுக்குள் பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார். ஸ்டெல்லா அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தாள். ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தவள், அப்படியே நின்றாள். உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள். பிரஷர் மாத்திரை.

“என்ன சித்தி இது?”

“அது நீர் மாத்திரை புள்ள. போட்டா ஒண்ணுக்கு வந்துக்கிட்டே இருக்கு. டாக்டரு காலையில போடச் சொல்லுறாரு. காலையில போட்டா மலையில நிக்க முடியல. அங்கன எங்க ஒதுங்க? சுத்தி ஆம்பளைக மருந்தடிச்சிக்கிட்டு நிக்கிறான். சரின்னு சாயங்காலம் போட்டுப் பாத்தேன், ராத்திரி வெளிய போக முடியல. எப்பத்தான் போட? நீயே சொல்லு.”

ஸ்டெல்லா அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். அவள் அம்மாவுக்கும் அதே மாத்திரைதான் என்று பிற்பாடு சொன்னாள்.

டப்பாவை மூடிவிட்டு, மெதுவாகக் கேட்டாள். “அப்ப இந்த வாட்ச் கட்டின வாரம் மட்டும் எப்படி சித்தி அம்புட்டு நல்லாத் தூங்குனீங்க?”

பாக்கியத்தின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

“தூங்குனமா? ஆரு தூங்குனா? அசையாமக் கெடந்தோம்ல! நீதான சொன்ன, அசைஞ்சா வாட்ச்சு கண்டுபிடிச்சிரும்னு. ஒம் பரீச்சையாச்சே, நம்மளால அந்தப் புள்ளைக்கு மார்க்குக் கொறஞ்சிறக் கூடாதுன்னு எல்லாரு வீட்டுலயும் சொல்லிட்டேன். டிவி கெடையாது, போனு கெடையாது. கொசு கடிச்சாலும் கைய ஆட்டல. வயிறு முட்டிக்கிட்டு வலிக்கும். ஆனாலும் அசையலயே! கட்டை மாதிரிக் கெடந்தேன். மார்க்கு எம்புட்டுடி வந்திருக்கு?”

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்களும் சிரித்தார்கள். அவர்களுக்கும் ஒரே பெருமை. லயமே சேர்ந்து எழுதிய பரீட்சை அல்லவா!

ஸ்டெல்லா உடைந்துபோனாள். “ஐயோ சித்தி! நீங்க தூங்கலன்னு காட்டத்தான அந்த வாட்ச்சே கட்டுனேன். நீங்க தூங்கலன்னு அதுல வந்திருந்தா அத வச்சுத்தான நான் கேட்டிருப்பேன். கக்கூஸ் கேட்டிருப்பேன், லைட் கேட்டிருப்பேன்... இப்ப எல்லாரும் சொகமா இருக்கீங்கன்னுல்ல வந்திருக்கு!”

பாக்கியத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. “தப்பாப் போச்சா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.  

ஏதாவது அளக்க வந்தவர்களுக்கு முன்னால் நாம் எப்போதும் இப்படித்தான். சிலர் பயத்தில் நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்கிறோம். சிலர் வெட்கத்தில். என்னைப் போன்றவர்கள் நல்ல பேருக்காக. இவர்கள் பாசத்தால் காட்டிக்கொண்டார்கள். பாசம் வேறு எதையெல்லாமோ காப்பாற்றியிருக்கலாம். இந்த முறை இருந்த ஒரே சாட்சியையும் அதுவே அழித்துவிட்டது.

கிளம்பும்போது பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். “அக்கா, எப்படியாவது அந்த மாத்திரையப் போட்டுருங்க. பக்கத்து வீட்டு அம்மாவத் தொணைக்குக் கூப்பிட்டாவது போயிட்டு வாங்க.”

“சரிங்கம்மா” என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். டாக்டருக்கு முன்னால் நான் ஆட்டுகிற அதே தலை. திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஸ்டெல்லா சும்மா இருக்கவில்லை. வார்டு மெம்பரைப் பார்த்தாள். எஸ்டேட் இடத்தில் பஞ்சாயத்து எப்படிக் கக்கூஸ் கட்டும் என்று கேட்டாராம். எஸ்டேட் ஆபீஸில் கேட்டால், இதெல்லாம் பஞ்சாயத்து செய்து தர வேண்டியது என்றார்களாம். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், உட்காரச் சொல்லிச் சாயாகூடக் கொடுத்தார்கள் என்றாள். கைடு மட்டும் விஷயத்தை முழுசாகக் கேட்டாராம். பிறகு, மழை விட்டதும் மறுபடி போய் அளந்து வா, இந்த முறை முதலில் ஆட்களைப் பேசவிடு, கடிகாரத்தை அப்புறம் கட்டு என்றாராம்.

மழை விடுவதற்குள் போன் வந்துவிட்டது.

ஸ்டெல்லா அன்றே கிளம்பித் தேனிக்குப் போனாள். நான் முந்தாநாள்தான் போய்ப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரரும் கூட வந்தார். வழியில் ஒரு கேலிப் பேச்சும் இல்லை.

ஆஸ்பத்திரி வார்டு. நடக்க இடமில்லாத கூட்டம். பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா விடாமல் முனகுகிறார், யாரோ போனில் கத்துகிறார், தள்ளுவண்டி கடகடவென்று போகிறது. அத்தனைக்கும் நடுவில் பாக்கியம் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கொஞ்சம் கோணியிருந்தது. வலது கை துணி மாதிரிக் கிடந்தது. மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“வந்ததுலருந்து இப்படித்தான் ஆன்ட்டி. எழுப்பித்தான் கஞ்சி குடுக்க வேண்டியிருக்கு” என்றாள் ஸ்டெல்லா.

“மயக்கமோ?”

“இல்ல. டாக்டர் பாத்துட்டாரு. தூக்கம்தானாம்.”

பேச்சுச் சத்தத்தில் கண்ணைத் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. இடது கையைத் தூக்கிக் கும்பிடப் பார்த்தார். ஒரு கையால் கும்பிட முடியவில்லை. கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

“எப்படி இருக்கீங்க்கா?”

நாக்குக் குழறியது. ஸ்டெல்லா குனிந்து கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சொன்னாள். ஆனாலும் ஒரு விஷயத்தை மட்டும் அவர் தாமே சொன்னார், நாலு முறை முயற்சி செய்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கிய சிறுநீர்ப் பையை இடது கையால் காட்டி.

“இங்கன... எந்திரிக்கவே வேணாம்மா. கொழா வச்சிருக்காக. நல்ல தூக்கம். தண்ணி... நெறையக் குடிக்கேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பாதி முகத்தில் மட்டும் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டுக்காரர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்டெல்லா போர்வையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தவள், வெகுநேரம் நிமிரவே இல்லை. அதற்குள் பாக்கியம் மறுபடி தூங்கிப்போயிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சின்ன வயது டாக்டர் வந்தார். நல்ல பையன். பொறுமையாகத்தான் பேசினார்.

“இனிமே வீட்லயே பாத்துக்கலாம். பிஸியோ பண்ணுனா கால்ல கொஞ்சம் பிடிமானம் வரும். மூணு விஷயம் மட்டும் முக்கியம். மாத்திரைய ஒரு நாளும் விடக் கூடாது. தண்ணி நல்லாக் குடிக்கணும். ராத்திரி நல்லாத் தூங்கணும்.”

ஸ்டெல்லா தலையாட்டினாள். நானும் தலையாட்டினேன்.

நாளைக்குக் குழாயை எடுத்துவிட்டு லயத்துக்கு அனுப்புகிறார்கள்.